குவாட் பைக்குக்கு நம்பர் வாங்க முடியுமா?

கேள்வி: ஐயா, பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு தென்னந்தோப்புகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டரை கிலோமீட்டர். பெரும்பகுதி ஊராட்சிச் சாலை. கடைசியில் கொஞ்ச தூரம் மாநில நெடுஞ்சாலை. போன வருடம் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடம், பைக் போல ஹேண்டில்பாரும் நான்கு பருத்த சக்கரங்களும் உள்ள 250 சிசி குவாட் பைக் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். தோப்புக்குள் அருமையாக ஓடுகிறது. சொட்டுநீர்க் குழாய், உர மூட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. "நம்பரைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்" என்று வியாபாரி வாட்ஸ்அப்பில் உறுதி சொல்லியிருந்தார். இப்போது கேட்டால் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் மாட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகிவிடும், இருபதாயிரம் ஆகும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். இங்கிலாந்தில் இருக்கும் என் மாமன் மகன் நம்பர் பிளேட்டோடு குவாட் பைக்கில் கடைத்தெருவுக்கே போய்வருகிறான். அங்கே முடிவது இங்கே முடியாதா? பிளஸ் ஒன் படிக்கும் என் மகனும் இந்த வண்டியை ஓட்டுவான். என்னென்ன மாட்ட வேண்டும், எந்தப் படிவம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
– பொள்ளாச்சி வாசகர்

பதில் அளிப்பவர்: ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

அன்புள்ள வாசகருக்கு,

மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியும் ஹாரனும் மாட்டி, ஒரு பிளேட்டையும் திருகிவிட்டால் எந்த வண்டியும் சட்டபூர்வமாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் வெகுகாலமாக உலவுகிறது. இருபதாயிரம் செலவழித்த பிறகும் உங்கள் வண்டி இன்றிருக்கும் நிலையிலேயேதான் இருக்கும். தோப்புக்குள் ஓடலாம், தார்ச் சாலையில் ஏறக் கூடாது.

நம் நாட்டில் சாலை ஒப்புதல் என்பது மாடலுக்குக் கொடுக்கப்படுவது. உங்கள் வாசலில் நிற்கும் ஒற்றை வண்டியைப் பார்த்து யாரும் அதைக் கொடுப்பதில்லை. ஒரு நிறுவனம் புதிய மாடலைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டுமானால், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதிப்படி, மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., அரியானாவின் மானேசரில் ஐ-கேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று இத்தகைய அமைப்புகள் இருக்கின்றன. பிரேக், விளக்கு, புகை, இரைச்சல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறினால் சான்று தருவார்கள். அந்தச் சான்றின் பலத்தில்தான் தயாரிப்பாளர், தான் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் படிவம் 22 என்ற சாலைத் தகுதிச் சான்றை எழுதிக் கொடுக்கிறார். இறக்குமதி வண்டியானால் இறக்குமதியாளர் கொடுக்க வேண்டும். இந்தப் படிவம் 22 உங்கள் மெக்கானிக் தரக்கூடிய காகிதம் அன்று. ஆர்.டி.ஓ.வும் அதைத் தர முடியாது.

"பிரேக் இன்ஸ்பெக்டர் மனது வைத்தால் நடக்கும்" என்று யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். மனது வைத்தாலும் நடக்காது என்பதே உண்மை. முன்பு எல்லாம் பேரேட்டில் கையால் எழுதிய காலம். இப்போது பதிவு முழுவதும் 'வாகன்' கணினி அமைப்பில் நடக்கிறது. ஒப்புதல் பெற்ற மாடல்களின் விவரத்தைத் தயாரிப்பாளரே அதில் ஏற்றிவைக்கிறார். அலுவலர் அந்தப் பட்டியலிலிருந்து மாடலைத் தேர்வு செய்தால்தான் அடுத்த கட்டத்துக்கே போக முடியும். பட்டியலில் இல்லாத வண்டிக்கு அங்கே எழுத இடமே கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் கொடுக்க வேண்டியவர் டீலர். பதிவு, அது தற்காலிகப் பதிவாகவேனும் இருக்கட்டும், ஆகாமல் வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று விதி 42 டீலரைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் வண்டி சாலைக்கு உரியது என்றால், நீங்கள் அதைக் கடையிலிருந்து எடுக்கும்போதே ஒரு நம்பர் இருந்திருக்க வேண்டும். "பின்னால் வாங்கிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அந்த ஒரு வரியிலேயே வியாபாரி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

உங்கள் மாமன் மகன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டு உறவினர் ஒருவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர் செய்வது அங்கே முற்றிலும் சட்டப்படியானது. பிரிட்டனில் இரண்டு வழிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே சாலை ஒப்புதலோடு வரும் குவாட் பைக்கை வாங்குவது ஒன்று. அப்படி ஒப்புதல் இல்லாத ஒற்றை வண்டியைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றி, அரசின் சோதனை மையத்துக்குக் கொண்டுபோய், 'எம்.எஸ்.வி.ஏ.' என்ற தனி வண்டிச் சோதனையில் தேற வைப்பது மற்றொன்று. மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர வண்டி, எடை குறைந்த நான்கு சக்கர வண்டி ஆகியவற்றுக்காகவே ஏற்பட்ட சோதனை அது. தேறிய பிறகு டி.வி.எல்.ஏ. என்ற உரிம அலுவலகத்தில் 55 பவுண்டு கட்டிப் பதிவு செய்து, முன்னும் பின்னும் பிளேட் மாட்டி, காப்பீடும் சாலை வரியும் எடுக்க வேண்டும். மூன்று வருடம் ஆனதும் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை. ஓட்டுவதற்குக் கார் உரிமம் போதும். உங்கள் மெக்கானிக் சொல்லும் கண்ணாடி, இண்டிகேட்டர் பட்டியல் அங்கே பொருந்தும். ஒற்றை வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் அந்தச் சாளரம் நம் சட்டத்தில் திறக்கப்படவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரிட்டனில் விவசாயிகளுக்குத் தனிச் சலுகையும் இருக்கிறது. ஒரே ஆளின் அனுபவத்தில் இருக்கும் இரண்டு நிலங்களுக்கு இடையே மட்டும் சாலையைப் பயன்படுத்தும் பண்ணை வண்டிக்குச் சாலை வரி விலக்கு கிடைக்கும். ஆனால் சாலையில் போகும் தூரம் 1.5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் இரண்டரை கிலோமீட்டர் அந்தச் சலுகைக்குக்கூடத் தேறாது.

இனி வண்டியையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டம் ஏன் இதை ஓரங்கட்டுகிறது என்பது வண்டியிலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் குந்தி, டயரின் பக்கச் சுவரில் படிந்த சேற்றைத் துடையுங்கள். அளவைக் குறிக்கும் எண்களுக்கு அருகே "நாட் ஃபார் ஹைவே சர்வீஸ்" என்றோ, சுருக்கமாக "என்.எச்.எஸ்." என்றோ அச்சு வார்த்திருக்கும். நெடுஞ்சாலைக்கு உரியதன்று என்று டயர்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பெட்ரோல் டேங்க் பக்கமோ முன் மட்கார்டிலோ எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தால் அதையும் படியுங்கள். பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள், ஆளை ஏற்றாதீர்கள் என்ற வாசகங்கள் அதில் இருக்கும். வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் படம் எடுப்பது இந்த இரண்டையும்தான்.

டயர் மட்டும் பிரச்சினை இல்லை. காருக்கு 30-க்கு மேல் காற்று அடிக்கிறோம். இதற்கு 5 முதல் 7 பவுண்டுதான். அந்தத் தொளதொளப்பு மண்ணில் பிடிப்புத் தரும், வரப்பு ஏறி இறங்கும்போது குலுக்கலை வாங்கிக்கொள்ளும். தாரில் அதே டயர் வேகத்தில் அலைபாயும். அதைவிட முக்கியம், பின் அச்சு. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவான தூரம் போக வேண்டும். வேகம் குறைய வழியில்லாததால் அது வழுக்கித்தான் ஆக வேண்டும். மண்ணில் சுலபமாக வழுக்குகிறது. தாரில் டயர் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் ஹேண்டில்பாரைத் திருப்பியும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று பிடி கிடைத்து, உயரமான வண்டி வெளிப்பக்கமாகக் கவிழும். குவாட் பைக்கில் ஆள் இறப்பது பெரும்பாலும் மோதி அன்று. கவிழ்ந்த வண்டிக்கு அடியில் சிக்கித்தான். ஆகையால் தோப்புக்குள் ஓட்டும்போதும் ஹெல்மெட் போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறது, நான்கு சக்கரத்தைப் பற்றி அன்று. ஆனால் மண்டைக்கு இந்த நுணுக்கம் தெரியாது.

தோப்புக்குள் ஓட்டுவது சரிதானா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2(28)-ஆவது பிரிவில் மோட்டார் வாகனம் எது என்று வரையறுக்கும்போது, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுவதற்கென அமைந்த தனி வகை வண்டிகளை விட்டுவிடுகிறது. சுரங்கத்துக்குள்ளேயே ஓடும் டம்பர்களுக்குச் சாலை வரி உண்டா என்று 1974-லேயே உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. உங்கள் வேலிக்குள் ஓடும் வரை யாரும் உங்களிடம் பதிவுச் சான்று கேட்க மாட்டார்கள். வேலியைத் தாண்டினால் கதை வேறு. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான். ஊராட்சிச் சாலையும் அதில் அடங்கும், பெயர்ப் பலகை இல்லாத வண்டிப்பாதையும் அடங்கும். பொது இடத்தில் ஓடும் வண்டிக்குப் பதிவு கட்டாயம் என்கிறது 39-ஆவது பிரிவு. "இரண்டு கிலோமீட்டர்தானே", "விடியற்காலையில்தானே" என்பதற்கெல்லாம் அந்தப் பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை.

அப்படியானால் கதவு முற்றிலும் மூடியிருக்கிறதா? ஒரு சிறு கதவு இருக்கிறது. அது உங்களுக்குத் திறக்குமா என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது.

விவசாய டிராக்டர் என்றால் என்ன என்பதற்கு மத்திய விதிகளில் ஒரு வரையறை உண்டு. வயல் வேலைகளுக்கான கருவிகளோடு வேலை செய்வதற்கோ, விவசாயப் பொருளைச் சுமக்கும் டிரெய்லரை இழுப்பதற்கோ வடிவமைக்கப்பட்ட, எந்திரத்தால் இயங்கும் நான்கு சக்கர வண்டி. வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் நுழைந்தது. 2018-இல் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற தன் குவாட் வண்டியை டிராக்டர் வகையில் ஒப்புதல் வாங்கி, சாலையில் ஓட்டத்தக்கது என்ற அறிவிப்போடு இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை ஏறக்குறைய எட்டு லட்சம். குவாட் பைக்குக்கு இந்தியாவில் நம்பர் கிடைத்த வழி இதுதான்: விளையாட்டு வண்டியாக அல்ல, டிராக்டராக. அதுவும் தயாரிப்பாளர் முன்கூட்டியே சோதனை முடித்து வந்ததால்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் காகிதங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21 இருக்கிறதா? படிவம் 22 இருக்கிறதா? அதில் வண்டி வகை என்ற இடத்தில் டிராக்டர் என்று இருக்கிறதா, ஒப்புதல் சான்றின் எண் அச்சாகியிருக்கிறதா? வெறும் ஜி.எஸ்.டி. பில் மட்டும் இருந்து, அதன் அடியில் பொடி எழுத்தில் "ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி" (சாலைக்கு அல்ல) என்று இருந்தால், பதில் கிடைத்துவிட்டது.

பிறகு சேசிஸ் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு இடையே, வண்டியின் இரும்பு ஃபிரேமின் கீழ்க் குழாயில் பொறித்திருக்கும். சேறு அப்பியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் பதிவு விண்ணப்பமான படிவம் 20-இலும் இந்தப் பென்சில் அச்சைத்தான் ஒட்டச் சொல்வார்கள். முறையான எண் என்றால் பதினேழு இலக்கம் வரும். முதல் எழுத்து ஆங்கில 'எல்' என்றால் வண்டி சீனத் தயாரிப்பு. 'எம்ஏ' முதல் 'எம்இ' வரை என்றால் இந்தியத் தயாரிப்பு. பதினேழு இல்லாமல் எட்டோ பத்தோ இருந்தால், அந்த வண்டி எந்த நாட்டுச் சாலைக்காகவும் செய்யப்பட்டதன்று என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி அலுவலகத்துக்கே போய், இந்த மாடல் வாகன் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குத் தரகர் தேவையில்லை.

ஒருவேளை, அபூர்வமாக, டிராக்டர் ஒப்புதல் இருக்கிறது என்று வந்தால், படிவம் 20-ஐ 21, 22, காப்பீடு, முகவரிச் சான்று, இறக்குமதி என்றால் சுங்கச் சான்று ஆகியவற்றோடு டீலர் வழியாகக் கொடுங்கள்; டி.என். 41 வரிசையில் நம்பர் வரும். ஓட்டுவதற்கு இலகுரக மோட்டார் வாகன உரிமம் போதும். 250 சிசி, போன வருடம் வாங்கியது, பின்னால் நம்பர் என்ற பேச்சு – இவற்றை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"குவாட்ரிசைக்கிள் என்று ஒரு வகை வந்திருக்கிறதே, அதில் பதியலாமே" என்று இணையத்தில் பார்த்த யாராவது சொல்லக்கூடும். 2018-இல் அரசு அறிவித்த அந்த வகை, ஆட்டோ அளவில், நான்கு சக்கரத்தோடு, காரைப் போல முழுக்க மூடிய வண்டி. பஜாஜ் கியூட் அதற்காக வந்தது. உங்கள் வண்டிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை.

மெக்கானிக் சொல்லும் மாற்றங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே பதிவான வண்டியைக்கூட, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களோடு முரண்படும்படி மாற்றக் கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. பதிவான வண்டிக்கே இந்தக் கெடுபிடி என்றால், பதிவே இல்லாத வண்டியில் உதிரிப் பாகம் சேர்த்து ஒப்புதல் உண்டாக்குவது எப்படி? இண்டிகேட்டர் மாட்டுவது தோப்புக்குள் அழகாக இருக்கலாம், அவ்வளவுதான்.

தரகர் ஒருவர் இன்னும் துணிச்சலான யோசனையோடு வருவார். வேறு மாநிலத்தில் பழைய டிராக்டர் ஒன்றின் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, அதன் எண்ணை இதில் பொறித்துவிடலாம் என்பார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்யான ஆவணத்தின் பேரில் பெற்ற பதிவை ரத்து செய்ய 55-ஆவது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. அது போக, போலி ஆவணம், மோசடி என்று குற்ற வழக்கும் வரும். அபராதத்தோடு போக வேண்டிய விஷயம் ஜாமீன் கேட்கும் விஷயமாகிவிடும்.

இப்போதே சாலையில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. பிடிபட்டால் என்ன ஆகும் என்று சொல்வது என் கடமை. பதிவில்லாமல் ஓட்டியதற்கு 192-ஆவது பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அடுத்த முறை 10,000 வரை அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ. காப்பீடு இல்லாததற்கு 196-ஆவது பிரிவில் முதல் முறை 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வண்டியைப் பறித்து நிறுத்திவைக்கவும் அதிகாரம் உண்டு. இவையெல்லாம் தாங்கக்கூடியவை.

தாங்க முடியாதது விபத்து. அந்த மாநில நெடுஞ்சாலைத் துண்டில் மொபெட்டில் வரும் ஒருவர் மீது மோதி, அவர் இறந்துவிட்டார் அல்லது நடக்க முடியாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவான வண்டியாக இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கும். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு தீர்ப்பளித்தாலும் காப்பீட்டு நிறுவனம் கட்டும். சாலை ஒப்புதல் இல்லாத உங்கள் வண்டிக்கு அந்தப் பாலிசி கிடைக்காது. தீர்ப்பாயம் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாம் பார்த்துத் தொகையைக் கணக்கிடும். முப்பது வயதுக்காரர், கைநிறையச் சம்பாதிப்பவர் என்றால் அது பல லட்சங்களில் போய் நிற்கும். உச்சவரம்பு இல்லை. அந்தப் பணத்தை உங்களிடமிருந்துதான் வசூலிப்பார்கள். தோப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மகன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். பிளஸ் ஒன் என்றால் பதினாறு, மிஞ்சினால் பதினேழு. அவன் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவு வருகிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. குற்றவாளியாக நிற்பவர் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ. உங்கள் வீட்டில் இருவரும் ஒருவரே. மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். "என் மகனும் ஓட்டுவான்" என்று கைப்பட எழுதியிருக்கிறீர்களே, இனி அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதைவிட அவன் ஓட்டாமல் இருப்பது நல்லது. இன்னொன்று: பையனுக்கு இருபத்தைந்து வயது முடியும் வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவனுக்கு அது பெரிய தண்டனை. தோப்புக்குள் கற்றுக்கொள்ளட்டும் என்றால்கூட, இந்த எடையுள்ள வண்டியைப் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்க வேண்டாம். வாய்க்கால் மேட்டில் சாய்ந்தால் தனியாகத் தூக்கி வெளியே வர முடியாது.

சரி, வண்டியை என்ன செய்வது? இரண்டு தோப்புக்கும் வேண்டும் என்றால், சாலையில் அதை ஓட்டாதீர்கள், சுமந்து செல்லுங்கள். உங்கள் பகுதியில் தேங்காய் ஏற்றும் சிறு சரக்கு வண்டி யாரிடமாவது இருக்கும்; இரண்டு இரும்புச் சாய்தளம் செய்து, ஏற்றிக் கட்டிக் கொண்டுபோகலாம். நாற்புறமும் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். கியரில் விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். தினமும் இந்தப் பாடு பட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. வாரத்தில் இன்ன நாள் இந்தத் தோப்பு என்று வகுத்துக்கொள்கிறவர்களுக்கு இது சரிப்படும்.

தினசரி போக்குவரத்து என்றால் என் யோசனை மினி டிராக்டர். பதினைந்து, பதினெட்டு குதிரைத்திறனில் வருபவை தென்னை வரிசைக்குள் தாராளமாகத் திரும்பும். உர மூட்டை, குழாய் எல்லாம் சிறு டிரெய்லரில் போகும். உழவும் களையெடுப்பும் கூடவே முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையை விட்டு வரும்போதே நம்பரோடு வரும். குவாட் பைக்கின் வேகமும் துள்ளலும் அதில் இல்லைதான். தோப்பு வேலைக்கு அந்தத் துள்ளல் எதற்கு என்று கேட்டால் உங்கள் மகன் என்னோடு சண்டைக்கு வருவான்.

கடைசியாக வியாபாரி. அவரைச் சும்மா விட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொய்யான உறுதி கொடுத்து விற்றது முறையற்ற வணிக நடவடிக்கை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாங்கியது போன வருடம் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்கும் அளவுக்கு இல்லை. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேரிலும் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைப்பார்கள். பில்லில் "ஆஃப் ரோடு" என்று போட்டிருக்கிறோமே என்பார்கள். அதற்குப் பதில் அந்த வாட்ஸ்அப் செய்தி. வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது.

அந்தச் செய்தி இருக்கும் தொலைபேசியைப் பழையது கொடுத்துப் புதியது வாங்கும் ஆசையில் மாற்றிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டியிருக்கும், அப்போது மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. முதல் படியாகப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இந்தத் தேதியில் இந்த உறுதி கொடுத்தீர்கள், படிவம் 21, 22 இரண்டையும் பதினைந்து நாளில் கொடுங்கள், இல்லையென்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். விதிகளுக்கு முரணான மோட்டார் வாகனத்தை விற்கும் டீலருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒரு வருடம் வரை சிறையோ, வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதமோ உண்டு என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இது சாலைக்கான வண்டியே அல்ல என்று அவர் பதில் எழுதினால் கோபப்படாதீர்கள். நீங்கள் ஆணையத்தில் நிரூபிக்க வேண்டியதில் பாதியை அவரே கையெழுத்திட்டு அனுப்பியிருப்பார்.